அத்தையை அம்மா என்று எழுதிய மனு

"எங்க, ஒரு தடவ அம்மான்னு கூப்பிடு, கேப்போம்" என்றாள் அத்தை.

என் வாயில் அந்தச் சொல் வரவில்லை. சுங்கைப்பட்டாணியில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் தாழ்வாரம் அது. நீள பெஞ்சின் ஒரு நுனியில் நான், பக்கத்தில் அத்தை. உள்ளே தட்டச்சு இயந்திரம் விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருந்தது. பசை வாடையும் நனைந்த குடைகளின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின. தோட்டத்திலிருந்து புறப்பட்டது முதல் அத்தை ஒரு கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"கூப்பிடுடி. உள்ள போயி வாய் தவறி அத்தேன்னு சொல்லிட்டின்னா, ரெண்டு பேரையும் உள்ளயே வச்சிடுவான்."

"ம்... அம்மா" என்றேன். சொன்னவுடன் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

அத்தையின் முகமும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளுக்குப் பிள்ளை கிடையாது. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். அவையெல்லாம் அவளை ஆயா என்றுதான் கூப்பிடும். இதெல்லாம் இன்று யோசிக்கும்போது புரிகிறது. அன்று எனக்குப் பதினேழோ பதினெட்டோ. புதுச் செருப்பு காலைக் கடித்தது மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது.

இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடம், பால் மரம், பீடோங் சந்தை என்று நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டு வந்தேன். அரசாங்க உபகாரச் சம்பளத்தில் படித்து ஆசிரியையானேன் என்று போன வாரம் ஒரே வரியில் தாண்டிப் போனதை ஒரு வாசகி பிடித்துக்கொண்டார். 'அது எப்படிக் கிடைத்தது? விவரமாக எழுதினால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்படும்' என்று கடிதம் போட்டிருக்கிறார். அம்மணி, பயன்படாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நாலு பக்கத் தாள்

பினாங்கில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் விடுதிக்கும் புத்தகத்துக்கும் உபகாரச் சம்பளம் கிடைத்தால்தான் போக முடியும். கிடைக்காவிட்டால் மறுநாள் விடியலில் அம்மாவோடு வாளியைத் தூக்கிக்கொண்டு ரப்பர்ப் பால் மரம் சீவப் போக வேண்டியதுதான். பெரட்டில் ஆள் பெயர் வாசிக்கும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ளக் கங்காணி தயாராகவே இருந்தார். "படிச்ச புள்ள, கணக்கா சீவும்" என்று வேறு சொல்லிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மனுத் தாள் நாலு பக்கம். எல்லாம் ஆங்கிலம். எங்கள் லயத்து வீடுகளிலேயே ஆங்கிலப் பள்ளியில் மேல் வகுப்பு முடித்த பெண் நான் ஒருத்திதான். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் படிக்க வந்தது. ஆனால் அதை என்ன செய்வது என்றுதான் விளங்கவில்லை.

முதல் பக்கத்தின் நடுவிலேயே என்னை நிறுத்திவிட்டது ஒரு கேள்வி. தகப்பனார் உயிருடன் இருக்கிறாரா? இருந்தால் எங்கே வேலை, என்ன சம்பளம்? முதலாளியின் கடிதத்தை இணைக்கவும். அந்த ஒரு வரியில் நான் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஓர் உருண்டை சோறு

எங்கள் தோட்டம் சிடாம் கிரிக்குப் பக்கம். அவசர காலம் அது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அரிசி அளந்துதான் கிடைக்கும். காட்டிலிருந்து அரசாங்கத்தோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, வேலிக் கதவைத் தாண்டி ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது என்று உத்தரவு. மரம் சீவப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய் வெறும் வயிற்றோடு வரவேண்டும்.

என் அப்பாவுக்குப் பசி பொறுக்காது. வேறு எல்லா விஷயத்திலும் அவர் பரம சாது. ஒன்பது மணிக்கு வயிற்றில் ஏதாவது விழவில்லை என்றால் மரத்தோடு சண்டை போடுவார். ஒரு நாள் வாழையிலையில் ஓர் உருண்டை சோறும் கொஞ்சம் நெத்திலிச் சம்பாலும் மடித்து, இடுப்புத் துண்டுக்குள் செருகிக்கொண்டு போனார். வேலிக் காவலர் தடவிப் பார்த்தார். அப்பா அகப்பட்டுக்கொண்டார்.

"யாருக்கு இது?"

"எனக்குத்தாங்க."

அதை யாரும் நம்பவில்லை. போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்து விட்டார்கள். சில வாரம் கழித்து காரணம் ஒன்றுமே இல்லாமல் மறுபடி கூட்டிப் போனார்கள்.  திரும்பி வந்ததும் எங்கள் பெரிய கிராணியார் அவரை ஆபீசுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னார்.

"முனியாண்டி, மூணாவது தடவ வந்தா விடமாட்டான். பாலிங் பக்கமெல்லாம் பிடிச்சிட்டுப் போறவங்கள என்ன செய்றான்னு நீயே கேட்டிருப்ப. பேசாம ஊருக்குப் போயிட்டு வாலா. கொஞ்சம் சூடு ஆறட்டும்."

கிராணியார் தோட்டத்துக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவர், துரையின் வலது கை. அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அப்பா பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னார். இரண்டு கடிதம் வந்தது. அதற்குள் வெளியே போனவர்கள் நினைத்தபடி திரும்ப முடியாதென்று புதுச் சட்டம் வந்துவிட்டதாகப் பேச்சு. பிறகு கடிதமும் நின்றது. இரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை.

இருக்கிறாரா இல்லையா என்று எங்களுக்கே தெரியாத ஒருவரைப் பற்றித்தான் ஆமா, இல்லையா என்று கேட்டது அந்தத் தாள்.

கிராணியார் கண்ட வழி

கடைசியில் தாளைத் தூக்கிக்கொண்டு கிராணியாரிடமே போனேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார்.

"இந்தியாவுல இருக்கான்னு எழுதினா, ஏன் போனான்னு கேப்பான். போலீசுக்கு எழுதிக் கேப்பான். அந்தச் சோத்துக் கத வெளிய வரும். அப்புறம் ஒனக்குக் காலேஜும் கிடையாது, ஒங்கம்மாவுக்கு லயத்துல வீடும் கிடையாது" என்றார். பேனாவைத் திறந்தார். "காய்ச்சல்ல செத்துட்டான்னு எழுதிடுவோம். செத்தவன யாரும் தேடமாட்டான்லா."

அவருக்கு முத்து முத்தான கையெழுத்து. அந்தச் சொல்லையும் அப்படித்தான் எழுதினார். 'மேலே கண்டவை அனைத்தும் உண்மை' என்ற வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சொல்லித்தான் போட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கை என்னுடையதுதான்.

தாயார் பெயரை எழுதப் போகும்போது தாளின் ஓரத்தில் இருந்த குறிப்பு கண்ணில் பட்டது. தகப்பன் இல்லாத பிள்ளை என்றால் தாயார் அடையாளக் கார்டோடு நேரில் வரவேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா போன பிறகும் ஒரு நாள் தவறாமல் தாலிக்கு மஞ்சள் பூசி, நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டவள் அவள். கடிதம் வராத இரண்டு வருஷத்தில் அந்தப் பொட்டு பெரிதாகிக்கொண்டுதான் போனது.

"எவன்டி எழுதுனான் அப்படி?" என்று எழுந்தாள். கையில் அகப்பை இருந்தது. "நான் நெத்திய அழிச்சிக்கிட்டுப் போயி எவனோ ஒரு ஆபீசர் முன்னால நிக்கணுமா? என் வாயால அதச் சொல்லணுமா? ஒன் காலேஜும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

"அப்ப என்னையும் பெரட்டுல சேத்து விடு. ஒன்னோடயே வாளி தூக்குறேன்" என்று நானும் கத்தினேன்.

அம்மாவுக்கு ஆத்திரம் வந்தால் நாக்குக்குத் தாழ்ப்பாள் கிடையாது. "இந்த வீட்ல ஏற்கெனவே ஒருத்தி நெத்தியில ஒண்ணுமில்லாமத்தான இருக்கா? அவளக் கூட்டிட்டுப் போ!" என்றாள்.

அந்த ஒருத்தி அதே அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷனை சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் போனவர்தான். அன்றிலிருந்து அத்தை எங்களோடு.

அத்தை தலையை நிமிர்த்தவில்லை. இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தாள்.

"போறேன்" என்றாள் அம்மாவிடம். "உசுரோட இருக்கறவன செத்துட்டான்னு பொய்யாச் சொன்னா ஆயுசு கூடும்னு சொல்வாங்க. நீ சொல்ல வேணாம், அஞ்சல. நான் சொன்னா என் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது."

அம்மா அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி, மிச்ச வெங்காயத்தைத் தானே அரிந்தாள். எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பது அவ்வளவுதான்.

மறுநாள் கிராணியார் அத்தையின் அடையாளக் கார்டைப் பார்த்து, தாயார் பெயர் பாக்கியம் என்று எழுதினார். என் பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்திலேயே காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு சத்தியப் பத்திரம் தேவைப்பட்டது. அதையும் அவரே ஏற்பாடு செய்தார். இப்படித்தான் நான் என் அத்தைக்குப் பிறந்தேன்.

இரண்டு பாஷையில் ஒரு சாவு

பெஞ்சுக்கு வருவோம். பியூன் வந்து என் பெயரைக் கூப்பிட்டான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஆங்கிலம் மட்டும் பேசுகிற ஓர் அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர். என்னிடம் மார்க்கு, கல்லூரி, எதிர்காலம் என்று நாலு கேள்வி கேட்டார் அதிகாரி. நான் ஏதோ சொன்னேன். பிறகு அத்தையைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டார்.

"ஒங்க வீட்டுக்காரரு எப்படிம்மா தவறிப் போனாரு?"

காய்ச்சல்ங்க. அந்த ஒரு சொல்தான் சொல்ல வேண்டியது. பஸ்ஸில் அதை இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தோம். வழியில் ராணுவக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிக் கார்டு பார்த்தபோதுகூட அத்தை வாய்க்குள் காய்ச்சல், காய்ச்சல் என்று முணுமுணுத்தபடி நின்றாள்.

இப்போது வாயைத் திறந்தாள். 

"சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க ஐயா" என்றாள். "வேலைக் காட்டுலேர்ந்து அப்படியே லாரியில ஏத்திட்டாங்க. மேல சட்ட இல்ல. நான் வீட்டுக்கு ஓடிப் போயி ஒரு சட்டைய எடுத்துக்கிட்டு சடக்கு ரோடு வரைக்கும் ஓடுனேன். லாரி போயிடுச்சு. அந்தச் சட்ட இன்னும் எங்கிட்டத்தான் இருக்கு."

பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அத்தை அழுது அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

 தாளில் இருப்பது இரண்டு வருஷத்துக்கு முந்திய காய்ச்சல். ஜப்பான்காரன் போய்ப் பத்து வருஷம் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் மேசை மேல் இருந்த தாளைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

என்ன சொல்கிறாள் என்று கேட்டார் அதிகாரி.

"காய்ச்சல், சார்" என்றார் அவர் ஆங்கிலத்தில். "தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். இந்த அம்மாவுக்கு இன்னும் துக்கம் ஆறவில்லை."

அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். தமிழில் ஒருவர் சயாமில் செத்துப்போனார். ஆங்கிலத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். என் அப்பா இந்த இரண்டு பேரும் இல்லை. அப்படியானால் அத்தை யாருக்காக அழுகிறாள், எதற்காக என் கண்ணிலும் தண்ணீர் வருகிறது என்று எனக்குக் குழம்பிப் போனது.

அதிகாரி அடுத்த கேள்வியைக் கேட்டார். வீட்டுக்காரருடன் பிறந்தவர்கள் யாராவது உதவி செய்கிறார்களா?

அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு ஒரு அக்கா இருக்கா ஐயா" என்றாள். "அவளும் என்னைய மாதிரிதான், ஆளில்லாதவ. அவளால ஒண்ணும் ஆவாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரிப்பை அடக்கினேன். விக்கல் வந்தது. அதிகாரி பாவம், எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். காட்டின இடத்தில் அத்தை கைநாட்டு வைத்தாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தோம். மொழிபெயர்ப்பாளர் சிகரெட்டோடு தாழ்வாரத்துக்கு வந்தார். "எங்க அண்ணனும் சயாம்தான்" என்றார், யாரிடமும் சொல்லாதது போல. பிறகு உள்ளே போய்விட்டார்.

 பஸ் பட்டணத்தைத் தாண்டியதும், "மாத்திச் சொல்லிட்டேன்ல?" என்று கேட்டாள் அத்தை.

"இல்ல."

"அப்ப சரியாத்தான் சொன்னனா?"

"எனக்குத் தெரியல அத்த" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது. படித்த பிறகு இத்தனை வருஷம் அரசாங்கத்துக்கு வேலை செய்யவேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு நான் பினாங்குக்குப் போனேன்.

இன்னொரு தாள்

சில வருஷம் கழித்து, பீடோங் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது.

உயிரோடுதான் இருந்தார். ஊரில் ஒன்றும் சரிப்படவில்லையாம். உடம்புக்கும் முடியவில்லையாம். வெறுங்கையோடு எதை எழுதுவது என்று வெட்கப்பட்டு எழுதாமல் இருந்துவிட்டாராம். 'நான் அங்கே வரட்டுமா, என்னை விடுவார்களா' என்று கேட்டிருந்தார். அம்மா அதை என்னை நாலு தடவை படிக்க வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "பாத்தியா?" என்றாள். 

பெற்ற அப்பா என்று மனுப் போட்டால், சம்பாதிக்கிற பிள்ளையோடு நிரந்தரமாக இருக்க விடுவார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் என் அப்பா காய்ச்சலில் செத்துவிட்டதாக அரசாங்கத்துக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரை உயிரோடு கொண்டுவந்தால் என் கையெழுத்து பொய், அத்தையின் கைநாட்டு பொய், கிராணியாரின் சத்தியப் பத்திரம் பொய். வேலை போகும். அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் எங்கே நிற்போம் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. குடிநுழைவு அலுவலகத்துத் தாளை வாங்கி வந்து, ஒரு வாரம் பெட்டியில் பூட்டி வைத்தேன். நான் கோழை. இதை எழுதத்தான் இத்தனை வாரம் சுற்றி வளைத்தேன்.

அத்தைதான் முடிச்சை அவிழ்த்தாள். "நான் ஒனக்கு அம்மான்னா, என் தம்பி ஒனக்கு யாரு? தாய்மாமன். அப்படியே எழுதுடி" என்றாள்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. தாய்மாமன் என்றால் மூன்று மாதம் பார்த்துவிட்டுப் போகத்தான் அனுமதி. அதற்கு மேல் கிடையாது. மனுவை வாங்கிய குமாஸ்தா, "அப்பா பெயரும் முனியாண்டி, மாமா பெயரும் முனியாண்டியா?" என்று கேட்டார். எங்கள் லயத்திலேயே நாலு முனியாண்டி என்றேன். அவர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

எல்லாவற்றையும் அப்பாவுக்கு விளக்கி எழுதினேன். எந்த உறவாக இருந்தால் என்ன, வந்து உங்களைப் பார்த்தால் போதும் என்று பதில் போட்டார்.

கப்பல் வந்த நாளில் நாங்கள் மூன்று பேரும் பினாங்குத் துறைமுகத்துக்குப் போனோம். அப்பா ஒரு தகரப் பெட்டியோடு வரிசையில் நின்றார். பாதி உடம்புதான் இருந்தது. மேசையில் இருந்த மலாய் அதிகாரி எங்களைக் கிட்டே கூப்பிட்டு, இவர்கள் யார் என்று அவரிடம் கேட்டார்.

"அக்கா" என்று அத்தையைக் காட்டினார் அப்பா. "அக்கா மக" என்று என்னைக் காட்டினார். கொஞ்சமும் தடுமாறவில்லை. கப்பலில் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட நாளில் எனக்கு வராத அழுகை அப்போது வந்தது.

அதிகாரி பேனாவால் அம்மாவைச் சுட்டிக்காட்டினார். "அவங்க?"

அப்பா திறந்த வாயோடு நின்றார். நான் எழுதின அத்தனை கடிதத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கவில்லை. எந்தத் தாளிலும் அம்மா இல்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நான் ஏதோ ஒரு உறவைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா ஓர் அடி முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னாள்.

"யாருமில்ல துவான். சும்மா கூட வந்தேன்."

அதிகாரி தலையாட்டினார். மூன்று மாதம் என்று முத்திரை குத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.